பொலித்தீனில் சுற்றிய வில்லை

அந்த இடமாற்றம் வந்ததில் எனக்குக் கடுங்கோபம். வீடு, பிள்ளைகள், கணவரின் வேலை எல்லாம் வவுனியாவில் இருக்க, இரணைமடுவுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்துக்கு என்னைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். அங்கே சளியும் இரத்தமும் சோதித்துக்கொண்டிருந்தவர், நாடு பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் விசா கிடைத்து வெளிநாடு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. போகக்கூடியவர்கள் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர் விட்டுப்போன கதிரையில் போய் இருக்க வேண்டியவள் நான் என்றால் எரிச்சல் வராதா? ஒரு திங்கட்கிழமை காலை உடுப்புப் பையோடு அந்த வாசலில் போய் இறங்கியபோது என் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

ஆய்வுகூடம் என்றால் ஒரே ஒரு அறை. ஒரு பக்கம் வெள்ளை ஓடு பதித்த சீமெந்து மேசை. மற்றப் பக்கம் குளிர்சாதனப் பெட்டி, இரத்தம் சுழற்றும் இயந்திரம், ஓர் இரும்பு அலுமாரி. அலுமாரிக்கு முன்னால் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் குந்தியிருந்து, மரப்பெட்டி ஒன்றின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஆய்வுகூடத்தின் உதவியாளர் அவர்தான். முதல் நாளிலிருந்தே அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

"வாங்கோ மிஸ், இருங்கோ. இப்ப மைக்கிறஸ்கோப்பைப் பொருத்தித் தாறன்" என்றார்.

பெட்டிக்குள்ளிருந்து நுணுக்குக்காட்டியின் உடல் வந்தது. பழைய சாறத்துண்டு ஒன்றில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் போட்டு, நூலால் கட்டியிருந்தது. பிறகு கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டுகள் இரண்டும் தனித்தனிப் பொலித்தீன் பையில் வந்தன. அதன் பிறகு பொருள்வில்லைகள். ஒவ்வொன்றும் தன் சின்ன டப்பாவுக்குள் இருந்தது. டப்பாவுக்கு மேல் பொலித்தீன், பொலித்தீனுக்கு மேல் இறப்பர் வளையம். ஒவ்வொன்றாக அவிழ்த்து, துடைத்து, உடலில் திருகினார். விரல்கள் பார்க்காமலே வேலை செய்தன.

"ஒவ்வொரு நாளும் இப்பிடிக் கழட்டிப் பூட்டுறனீங்களோ அக்கா?"

"ஓம் மிஸ். வேலை முடிய எல்லாம் கழட்டித் துடைச்சு, சுத்திக் கட்டி, பெட்டியிலை வைச்சிட்டுத்தான் போவன். ஒருநாளும் தவறினதில்லை."

அந்த நேரம் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்த இளம் டொக்டர், "அக்காவின்ரை கையிலை இருந்தால் அது நூறு வருசம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் முகம் மலர்ந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நுணுக்குக்காட்டியின் மேடையில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற ஆட்களோடெல்லாம் நான் வேலை செய்திருக்கிறேன். இங்கே ஒருவர் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல, ஒரு கை முதுகுத் தண்டிலும் மறு கை அடியிலும் கொடுத்துத் தூக்கினார். சரியான முறையும் அதுதான்.

அன்றைக்கு வந்திருந்த சளிப் போத்தல்களில் ஒன்று தர்மபுரத்துப் பெண் ஒருத்தியுடையது. முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவளும் கணவனும் கச்சான் தோட்டங்களிலும் வயல்களிலும் கூலி வேலை செய்தார்கள். நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை. மாதக்கணக்காக இருமல், மாலையானால் காய்ச்சல், ஆள் காய்ந்த சுள்ளி. ரீபீ என்கிற காசநோயாக இருக்கும் என்று டொக்டர் சந்தேகப்பட்டு அவளுடைய சளியை ஏற்கெனவே மூன்று தடவை சோதிக்க அனுப்பியிருந்தார். மூன்று தடவையும் இல்லை என்றே முடிவு போயிருந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இதைக் கண்டுபிடிக்கிற புது இயந்திரம் ஒன்று உண்டு. அதற்குப் போடுகிற பொருள் அந்த மாதங்களில் வரவில்லை. எக்ஸ்ரே எடுக்கவும் பிலிம் இல்லை. ஆக அவளுக்கு மிஞ்சியிருந்தது இந்த அறையும் இந்த மேசையும்தான்.

நான் வெளியே வந்தபோது நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் இருந்தபடி என்னை மறித்தாள். "புது மிஸ்ஸா? இந்த வாட்டியாச்சும் என்னன்னு கண்டுபிடிச்சிருவீங்களா? ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே சொல்றாங்க. ஆனா ராத்திரியில உடுப்பெல்லாம் வேர்வையில நனைஞ்சிருது." சற்றுத் தள்ளி சைக்கிளைப் பிடித்தபடி நின்ற கணவனைப் பார்த்துச் சிரித்தாள். "இல்லைன்னு சொன்னா அவருக்குச் சந்தோசம். எனக்குத்தான் நம்பிக்கை இல்ல."

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி பறக்கும் வரை அடியில் சூடு காட்டி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் போட்டு எடுத்தேன். காசநோய்க் கிருமி பிடிவாதக்காரன். மற்றதெல்லாம் அமிலம் பட்டதும் சிவப்பை விட்டுவிடும். அது மட்டும் விடாது. ஆகவே நீலத் தரையில் மெல்லிய சிவப்புக் கோல் தெரிந்தால் நோய் இருக்கிறது. தகட்டின் மேல் ஒரு துளி எண்ணெய் விட்டு, எண்ணெயில் தோயவைத்துப் பார்க்கும் பொருள்வில்லையைத் திருப்பி வைத்துப் பார்த்தேன்.

பனிமூட்டம். நீலமும் நீலமாக இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே பால் தெளித்தது போல ஒரு வெளிறல்.

முதலில் சாயத்தைத்தான் சந்தேகப்பட்டேன். பழைய சாயத்தை வெளியே கொட்டிவிட்டு, அடுத்த நாள் புதிதாகக் கலக்கி, அதே சளியிலிருந்து இன்னொரு தகடு செய்தேன். பனிமூட்டம் அசையவில்லை. "இஞ்சை எப்பவும் இப்பிடித்தான் தெரியும் மிஸ். முந்தி இருந்தவரும் சொல்லுறவர், கறண்டு குறைவு எண்டு" என்றார் அக்கா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கறண்டு குறைந்தால் வெளிச்சம் மங்கும், வெளிறாது.

நுணுக்குக்காட்டியை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு வழிதான் உண்டு என்பது என் நம்பிக்கை. உறுப்புகளின் பெயரைப் பாடமாக்கி வேலை இல்லை. வெளிச்சம் போகிற வழியில் நாமும் போக வேண்டும். வெளிச்சம் அடியில் இருக்கும் விளக்கிலிருந்து புறப்படுகிறது. மேடைக்குக் கீழே ஒடுக்கி என்றொரு வில்லை அதைத் திரட்டி ஒரு புள்ளிக்கு அனுப்புகிறது. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை ஒடுக்கியில் இருக்கும் இதழ்த்திரை முடிவுசெய்கிறது. பிறகு தகடு. தகட்டைக் கடந்து பொருள்வில்லைக்குள் நுழைந்து, குழாய் வழியே ஏறி, பார்வைத்துண்டுக்கு வருகிறது. உண்மையில் பார்ப்பது பொருள்வில்லைதான். பார்வைத்துண்டு, அது பார்த்ததைப் பெரிதாக்கிச் சொல்கிற ஆள், அவ்வளவே. பொருள்வில்லை காணாததைப் பார்வைத்துண்டு எந்தக் காலத்திலும் காட்டாது.

ஆகவே வழியெல்லாம் மறித்துச் சோதித்தேன். பார்வைத்துண்டுகளைப் பிடித்துத் திருகினேன். அழுக்கு அவற்றில் இருந்தால் அதுவும் சேர்ந்து சுற்றும். சுற்றவில்லை. தகட்டை நகர்த்தினேன். மூட்டம் நகரவில்லை. ஒடுக்கியை இறக்கி ஏற்றினேன். மாற்றமில்லை. அதற்கடுத்த சிறிய பொருள்வில்லையை எண்ணெய் படாமல் ஒரு சுத்தமான தகட்டுக்குத் திருப்பினேன். ஓரங்களில் கொஞ்சம் மங்கலே தவிர, பார்க்கக்கூடியதாக இருந்தது. கள்ளன் எண்ணெய் வில்லையில்தான் இருந்தான்.

அதைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, ஒரு பார்வைத்துண்டைத் தலைகீழாகப் பிடித்து, அதைப் பூதக்கண்ணாடியாக்கி, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் வேர் ஓடியிருந்தது. நடுவில் தொடங்கி, கிளை விட்டு, ஓரம் வரை படர்ந்த வெள்ளை இழைகள். பங்கசு என்கிற பூஞ்சணம். வெளியில் இருந்தால் துடைக்கலாம். உள்ளே வில்லைக்கும் வில்லைக்கும் இடையில் குடியேறியதை எதைக் கொண்டு துடைப்பது?

மரப்பெட்டியைத் திறந்து மூக்கை வைத்தேன். மழையில் ஊறிய சாக்கின் மணம். காலையில் அக்கா அவிழ்த்து வைத்த பொலித்தீன் பைகளை எடுத்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் நீர் முத்து முத்தாக நின்றது. எண்ணெயும் கைவேர்வையும் பட்ட வில்லையை, இந்த ஊர்ப் புழுக்கத்தில், காற்றுப் புகாமல், இருட்டில், வருடக்கணக்காக ஒவ்வொரு மாலையும் சுற்றிக் கட்டி வைத்தால் என்ன முளைக்கும்? பங்கசு முளைக்கும். அதற்கு வேறு தீனி வேண்டாம்.

நான் கத்தினேன். அதை மறைக்கப் போவதில்லை. வெளியே வாங்கில் இருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"ஆர் உங்களுக்கு இதைப் பொலித்தீனிலை சுத்தச் சொன்னது?"

"பொலித்தீனிலை சுத்தினால் தண்ணி போகாது மிஸ்."

"எங்கையிருந்தக்கா தண்ணி வரப்போகுது? கூரை இருக்கு, அலுமாரி இருக்கு, பெட்டி இருக்கு. ஏன் இதைக் கழட்ட வேணும்? மேசையிலை வைச்சு ஒரு துணியால மூடிவிட்டால் போதுமே!"

அவர் பைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார். பிறகு, "ஒரே சொல்லிலை எழும்பு எண்டால் என்ன செய்யிறது மிஸ்?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் பிடிபடவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் பிடிபட்டது.

யுத்த காலத்திலும் அவர் ஓர் ஆய்வுகூடத்தில்தான் வேலை செய்தார். சண்டை நெருங்க நெருங்க ஆஸ்பத்திரியே எழும்பி எழும்பி இடம்பெயர்ந்த காலம் அது. உழவு இயந்திரப் பெட்டியில், மழையில், சேற்றில், அன்றைய நுணுக்குக்காட்டியைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு பள்ளிக்கூட மேசையில் பொருத்துவார்கள். கொஞ்ச நாளில் கழற்றுவார்கள். அடுத்தது ஒரு கோயில் மடம். பிறகு தறப்பாள் கூடாரம். கேத்திலில் தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிவிடுவேன் என்றார். "அதுக்குள்ளை ஒரு சொட்டுத் தண்ணி விட்டதில்லை மிஸ். கடைசியிலை அதையும் வழியிலை போட்டிட்டுத்தான் வந்தனான்." சொல்லும்போது அழவில்லை. பைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

வன்னியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் வீட்டிலும் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் பொலித்தீன் சுற்றி, கதவுக்குப் பின்னால் ஒரு பையில்தான் தொங்குகின்றன. என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். நான் அதை எடுத்து அலுமாரியில் வைத்ததில்லை. இவ்வளவு காலமாக இந்த அறைக்கு வந்து போன டொக்டர்மாரும் மேற்பார்வையாளர்களும் அந்தப் பொலித்தீன் கட்டைப் பார்த்து, எவ்வளவு கவனம் என்று மெச்சினார்களே தவிர, இது பிழை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களும் எங்கள் ஆட்கள்தானே.

எல்லாம் விளங்கியது. விளங்கியும் கோபம் இறங்கவில்லை. தர்மபுரத்தில் ஒருத்தி இருமிக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு என்ன நோய் என்று சொல்ல எனக்கு ஒரு வில்லை வேண்டும். அலுவலக வழியில் கேட்டால் அது வருவதற்குள் அவள் இருக்கமாட்டாள் என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. டொக்டரிடம் சொன்னேன். சந்தேகத்தில் மருந்தைத் தொடங்கலாமா என்று கேட்டேன். மூன்று முடிவு இல்லை என்று இருக்க, கையில் ஆதாரம் இல்லாமல் மேலிடத்தில் மருந்து தரமாட்டார்கள், வில்லையை எப்படியாவது கொண்டுவாருங்கள் என்றார்.

என்னோடு படித்த ஒருத்தி முல்லைத்தீவுப் பக்கத்தில் வேலை செய்தாள். அவளுடைய ஆய்வுகூடத்தில் அதே கம்பனி நுணுக்குக்காட்டி ஒன்று விளக்குப் பழுதாகிக் கிடந்தது. "விளக்குத்தான் பழுது, வில்லை நல்லாய் இருக்கு. இரவலாய்க் கொண்டுபோ" என்றாள். அடுத்த நாள் பஸ் ஏறினேன். முள்ளியவளைச் சந்தியில் அவள் ஸ்கூட்டியில் வந்து, உச்சி வெயிலில், ஒரு டப்பாவை என் கையில் வைத்தாள். பொலித்தீன் பை ஒன்றையும் நீட்டினாள். வேண்டாம் என்றேன். பருத்திக் கைலேஞ்சியில் சுற்றி, கைப்பையில் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வந்தேன். அக்கா சொன்ன உழவு இயந்திரப் பெட்டி நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று தலையை உலுக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை நுணுக்குக்காட்டியை நானே பொருத்தி நிறுத்தினேன். இரத்தம் சுழற்றும் இயந்திரத்தின் அதிர்வு எட்டாத மூலையில், வெயில் நேரே விழாத இடத்தில் வைத்தேன். இரவல் வில்லையைத் திருகினேன். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு விளக்கின் ஆளியைப் போட்டேன். சிறிய வில்லையில் தொடங்கி, பெரிய திருகால் தகட்டைக் கண்ணுக்குக் கொண்டுவந்தேன். விளக்கின் வாயில் இருக்கும் இன்னொரு திரையைச் சுருக்கி, தெரிந்த சின்ன ஒளி வட்டத்தை ஒடுக்கியின் இரண்டு திருகாணிகளாலும் நடுவுக்குத் தள்ளி, பிறகு திரையை விரித்தேன். இந்த ஒழுங்கை அந்த அறையில் யாரும் பல காலமாகச் செய்திருக்கவில்லை என்பது வட்டம் இருந்த இடத்திலேயே தெரிந்தது. பார்வைத்துண்டுகளின் இடைவெளியை என் கண்களுக்கு அளவாக்கினேன். எண்ணெய் ஒரு துளி. எண்ணெய் வில்லை வந்த பிறகு பெரிய திருகைத் தொடக் கூடாது. தொட்டால் தகடும் உடையும், வில்லையும் கீறும். சின்னத் திருகை மட்டும் மயிரிழையாகத் திருப்பினேன்.

நீலம் நீலமாக வந்தது. நீலத்தின் மேல் சிவப்புக் கோல்கள். தேட வேண்டியிருக்கவில்லை. மேடையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அங்கேயும் கிடந்தன.

சோதித்த தகடுகளை எறிவதில்லை. மேலிடத்தில் திரும்பச் சோதிப்பதற்காகப் பெட்டியில் அடுக்கி வைப்பது வழக்கம். மேலிடத்திலிருந்து வாகனம் வராத காலம் என்பதால் பெட்டி நிரம்பிக் கிடந்தது. அவளுடைய பழைய தகடுகள் மூன்றையும் தேடி எடுத்தேன். முதலாவதில் அங்கொன்று இங்கொன்று. இரண்டாவதில் கூட. மூன்றாவதில் பார்க்கவே வேண்டாம். நோய் ஒவ்வொரு முறையும் வந்து இந்த மேசையில் படுத்திருக்கிறது. நாங்கள்தான் இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். பிறகு பெட்டியில் இருந்த மற்ற எல்லாத் தகடுகளையும் அந்த வாரத்துக்குள் பார்த்து முடித்தேன். வேறு யாருக்கும் பிழை நடந்திருக்கவில்லை.

ஆனால் அன்றைக்கே, அவளுடைய முதலாவது தகட்டைத் திரும்ப மேடையில் வைத்து, "வந்து பாருங்கோ அக்கா" என்றேன்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "சிவப்பாய் என்னவோ கிடக்கு மிஸ்."

"அதுதான்."

"இது எத்தினையாந்தரம் குடுத்த சளி?"

"முதல் தரம்."

அவர் நிமிரவே இல்லை. குனிந்தபடியே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்புலன்ஸ் போய் அன்றைக்கே அவளைக் கொண்டுவந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். "கண்டுபிடிச்சிட்டீங்களாமே மிஸ்! நீங்க நல்லா இருக்கணும். பேர் தெரியாத சீக்குன்னாதான் பயம். இனி மருந்து இருக்குல்ல?" என்றாள். மருந்து இருக்கிறது, ஆறு மாதம் ஒழுங்காகக் குடித்தால் சுகம் வரும் என்றேன். எல்லாம் உண்மை. முதல் தடவையே கண்டிருக்க வேண்டியது என்பதும் உண்மை. அதை மட்டும் நான் சொல்லவில்லை. இப்போது சொல்லி அவளைக் குழப்ப வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். சுகம் வந்த பிறகு சொல்லலாம் என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மருந்து தொடங்கிச் சில நாட்களில் காய்ச்சல் விட்டது. சோறு கேட்டுச் சாப்பிட்டாள். பிள்ளையைக் கிட்ட விடாததால், யன்னலுக்கு வெளியே தகப்பனின் தோளில் வைத்துக் காட்டச் சொல்லி, அங்கிருந்தே கை காட்டினாள். பிழைத்துவிடுவாள் என்று எல்லோருமே நினைத்தோம். ஒரு பகல் இருமியபோது இரத்தம் வந்தது. நிற்கவில்லை. அரித்துப்போன சுவாசப்பைக்குள் ஒரு நாளம் வெடித்துவிட்டது என்றார்கள். நான் ஓடிப் போனபோது கட்டில் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மருந்து வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு நேரம்தான் கிடைக்கவில்லை.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போகவில்லை. நுணுக்குக்காட்டி இப்போது கழற்றப்படாமல், ஒரு சிறிய மின்குமிழ் எரியும் அலுமாரிக்குள் முழுசாக நின்றது. குமிழின் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "என்னாலைதானே மிஸ்?" என்று கேட்டார்.

"பங்கசாலை அக்கா."

"அந்தப் பங்கசுக்கு வீடு கட்டிக் குடுத்தது நான்தானே."

முன்பு இருந்தவர் வில்லையைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்றேன். மேற்பார்வைக்காரர் தகடுகளை எடுத்துப் போயிருக்க வேண்டும், நகரத்து இயந்திரத்துக்குப் பொருள் வந்திருக்க வேண்டும் என்றேன். ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல எனக்கே ஆத்திரம் ஏறியது. அவர் பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி மிஸ். ஆனாலும் சுத்தினது நான்" என்றார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவரில் எனக்கு இருந்த கோபம் அப்போதுதான் போனது. போன இடத்தில் துக்கம் வந்து இருந்துகொண்டது. அது இன்றைக்கும் போகவில்லை.

கருமாதி முடிந்த பிறகு அவளுடைய கணவன் வந்தான். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களையும் சோதிப்பது முறை. சுகாதாரப் பரிசோதகர் பல தடவை கூப்பிட்டும் அவன் சாட்டுச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தான். இப்போது பிள்ளையைக் கையில் பிடித்தபடி, மற்றக் கையில் சளிப் போத்தலோடு, ஆய்வுகூட வாசலில் நின்றான். பிள்ளைக்கு நோய் வராமல் தடுக்கும் முற்காப்புக் குளிசை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. போத்தலை வாங்கக் கை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை.

"மிஸ், எனக்கு இல்லைன்னு எழுதிக் குடுத்துருங்க."

"பார்க்காமல் எப்பிடி எழுதிறது?"

"அவளுக்கு எழுதினீங்கதானே" என்றான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. கடையில் ஒரு சாமான் கேட்கிற குரல்தான். நான் அன்று கத்தியது வாங்கில் இருந்தவர்கள் வழியாக எப்போதோ தர்மபுரம் போய்ச் சேர்ந்திருந்தது. "இருந்தும் மூணு வாட்டி இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க. எனக்கும் ஒரு வாட்டி அப்பிடி எழுதுங்க. ரீபீன்னு தெரிஞ்சா எவனும் தோட்டத்துக்குள்ள விடமாட்டான். இவளுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

உனக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும், மருந்து எடுத்தால் கொஞ்ச நாளில் மற்றவர்களுக்குத் தொற்றாது, வேலைக்கும் போகலாம் என்று சொன்னேன். படித்ததை ஒப்புவிப்பது போல எனக்கே கேட்டது. அக்கா வந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவன் போத்தலைத் தந்தான்.

தகடு காயும் வரை அவன் வாசலை விட்டு அசையவில்லை. எண்ணெய் விட்டு, வில்லையைத் திருப்பி, சின்னத் திருகைத் தொட்டேன். இல்லாமல் இருக்க வேண்டும் என்று வாய்க்குள் வேண்டிக்கொண்டே பார்த்தேன். என் வேலைக்காலத்தில் எந்தத் தகட்டுக்கும் நான் அப்படி வேண்டியதில்லை. முதல் பார்வையிலேயே கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று.

நான் எழும்பி வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டான்.

"தெளிவாத் தெரிஞ்சிச்சா மிஸ்?"

"ஓம். தெளிவாய்த் தெரிஞ்சுது."

அவன் தலையை ஆட்டினான். அக்காவின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தான். கிட்டப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றான்.

"அவளுக்கும் இப்பிடித் தெரிஞ்சிருக்கலாமே மிஸ்" என்றான்.